பழக்கமில்லாத பானங்களை ரசிக்கப் பழகுவது எப்படி?

கேள்வி: புதுச்சுவை

அன்பர்களுக்கு வணக்கம். வழக்கமான தேநீர், காபி, பழச்சாறு ஆகியவற்றைத் தாண்டி, உலகின் பல பகுதிகளிலும் மக்கள் விரும்பிப் பருகும் அரிய பானங்களைத் தேடிச் சுவைப்பதில் எனக்கு அண்மைக் காலமாகப் பெரும் ஈடுபாடு உண்டாகியிருக்கிறது. பைன் விறகுப் புகையில் உலர்த்தப்படும் சீனத் தேநீரான லாப்சாங் சூச்சோங், நிழலில் வளர்க்கப்படும் ஜப்பானியத் தேநீரான கியோகுரோ, ஆண்டுக்கணக்கில் முதிரவிடப்படும் சீனத் தேநீரான பூ-அர், கேம்பரி என்னும் இத்தாலியக் கசப்பு மது சேர்த்த காக்டெயிலான (மதுக்கலவையான) நெக்ரோனி எனக் கைக்குக் கிடைத்தவற்றையெல்லாம் சுவைத்து வருகிறேன். இவற்றுள் சில முதல் மிடறிலேயே பிடித்துவிட்டன. பல நாவுக்கு ஒவ்வவில்லை. ஆயினும், தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகம் போற்றிவரும் பானத்தை ஒரே மிடறில் ஒதுக்கிவிடுவது முறையாகுமா என்ற எண்ணம் என்னை விடவில்லை.

என் ஐயங்கள் இரண்டு. ஒரு பானம் எனக்குப் பிடிக்காமற்போகும்போது, அதற்குக் காரணம் அந்தப் பானத்தின் இயல்பா, அதைத் தயாரித்த முறையா, அல்லது என் நாவின் பழக்கமின்மையா என்பதை எப்படிப் பிரித்தறிவது? அடுத்து, கண்டதையெல்லாம் வாங்கிச் சுவைப்பதைவிட, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியாகச் செல்வதற்கு ஏதேனும் ஒழுங்கு உண்டா? என் மனைவி மது அருந்துவதில்லை. எனவே இருவரும் சேர்ந்து ரசிக்கக்கூடிய மதுவற்ற பானங்களைப் பற்றியும் அறிந்தவர்கள் எழுதினால் மகிழ்வேன்.

மறுமொழி: இலையும் நீரும்

நண்பரே, தேநீரைப் பொறுத்தவரை உங்கள் முதல் ஐயத்துக்கு விடை பெரும்பாலும் தயாரிப்பு முறையிலேயே இருக்கிறது. குறிப்பாகக் கியோகுரோ ஒவ்வவில்லை என்று யாரேனும் சொன்னால், நான் முதலில் கேட்பது நீரின் வெப்பத்தைத்தான். பறிப்பதற்கு முன் ஏறத்தாழ 20 நாட்கள் அந்தச் செடிகள் நிழலில் மூடி வைக்கப்படுகின்றன. தேயிலையில் தியனைன் என்னும் அமினோ அமிலம் உண்டு. வெயில் படும்போது அதன் ஒரு பகுதி துவர்ப்புத் தரும் கேட்டச்சின்களாக மாறிவிடுகிறது. நிழலில் அம்மாற்றம் குறைவதால், இனிமையும் ஆழமும் கொண்ட தியனைன் இலையிலேயே தங்குகிறது. விவசாயி இவ்வளவு பாடுபட்டுக் காத்த அந்தச் சுவையின் மேல் கொதிநீரை ஊற்றினால், எஞ்சியிருக்கும் கேட்டச்சின்களும் காஃபீனும் முழு வேகத்தில் இறங்கி அதை மறைத்துவிடும். ஆகவே 5 கிராம் இலைக்கு 60 முதல் 80 மில்லிலிட்டர் நீர் போதும். நீரின் வெப்பம் 50 முதல் 60 டிகிரி இருக்கட்டும். இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். கிடைப்பது சில மிடறுகள்தான். அடர்ந்த, கடற்பாசியின் மணத்தை ஒத்த அந்தச் சாற்றைத் தாகத்துக்கான தேநீராக எண்ணாமல், நாவில் சற்று நிறுத்திச் சுவைக்க வேண்டும்.

ஐயம் தீர வேண்டுமானால், அதே இலையை ஒரு கிண்ணத்தில் 60 டிகிரி நீரிலும், மற்றொன்றில் கொதிநீரிலும் ஊறவைத்து அடுத்தடுத்துச் சுவைத்துப் பாருங்கள். முதல் கிண்ணம் பிடித்து இரண்டாவது பிடிக்காவிட்டால் குறை தயாரிப்பில். இரண்டுமே பிடிக்காவிட்டால் அந்தப் பானம் உங்களுக்கானதன்று என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். எந்தத் தேயிலையானாலும் இச்சோதனை பொருந்தும்.

லாப்சாங் சூச்சோங்கின் சிக்கல் வேறு. சீனத்தின் ஃபூஜியான் மாநிலத்தில் வூயி மலைப்பகுதியில் உள்ள தோங்மு கிராமம் அதன் தாயகம். பைன் விறகின் புகையில் வாடி உலர்வதால் அதன் மணம் பொட்டலத்தைத் திறந்ததுமே அறை முழுவதும் பரவும். பலர் அந்த மணத்தை வைத்தே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஆனால் மூக்கில் நேராக ஏறும் மணமும், பருகும்போது தொண்டையின் பின்புறமாக மூக்கை அடையும் மணமும் ஒன்றுபோல் தோன்றுவதில்லை. இலையை வழக்கத்தில் பாதியாகக் குறைத்து, கொதிநீரில் இரண்டு நிமிடம் மட்டும் ஊறவிட்டு, சற்று ஆறியபின் பருகிப் பாருங்கள். புகைக்கு அடியில் உலர்பழத்தை ஒத்த ஓர் இனிப்பு இருப்பது தெரியவரும். அப்போதும் புகை மேலோங்குமானால், அதே கிராமத்தில் 2005-ஆம் ஆண்டளவில் உருவான ஜின் ஜுன் மெய் என்னும் தேநீரைத் தேடலாம். அது மொட்டுகளை மட்டும் கொண்டு, புகையூட்டாமல் செய்யப்படுவது.

பூ-அர் வாங்கும்போது அது எவ்வகை என்று பார்த்து வாங்க வேண்டும். யுன்னான் மாநிலத்து இந்தத் தேயிலையில் இரண்டு பிரிவுகள் உள்ளன: ஆண்டுக்கணக்கில் இயல்பாக முதிரும் ஷெங், ஈரக்குவியலில் நுண்ணுயிர்களைக் கொண்டு விரைவாக முதிரச் செய்யும் ஷோ. இந்த இரண்டாவது முறை 1973-ஆம் ஆண்டில் குன்மிங் தேயிலைத் தொழிற்சாலையில் உருப்பெற்றது. இளம் ஷெங் கூர்மையான கசப்பும் துவர்ப்பும் உடையது. ஷோ மழை நனைத்த மண்ணின் மணத்தோடு மென்மையாக இருக்கும். ஒன்றைச் சுவைத்துவிட்டுப் பூ-அர் முழுவதையும் மதிப்பிடுவது பொருந்தாது. இரண்டையுமே 100 மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள சிறு மூடிக்கிண்ணத்தில் 5 அல்லது 6 கிராம் இட்டு, முதல் நீரை உடனே வடித்துக் கொட்டிவிட்டு, பின் பத்துப் பதினைந்து நொடிகள் மட்டும் ஊறவைத்துப் பலமுறை ஊற்றிப் பருகுவதே சிறந்தது. மூன்றாவது ஊற்றில்தான் இலை முழுதாக விரிந்து தன் குணத்தைக் காட்டும் என்பது என் அனுபவம்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைப் பரிந்துரைக்காமல் இருக்க மனம் வரவில்லை. தைவானில் விளையும் கீழ்த்திசை அழகி என்னும் ஊலாங் தேநீரின் மணத்துக்குக் காரணம் ஒரு பூச்சி. கோடையில் சிறு பச்சைத் தத்துப்பூச்சிகள் இளந்தளிரின் சாற்றை உறிஞ்சும்போது, செடி தன்னைக் காத்துக்கொள்ள மணமுள்ள சேர்மங்களைச் சுரக்கிறது. அவையே கிண்ணத்தில் தேனும் கனிந்த திராட்சையும் கலந்த மணமாக வெளிப்படுகின்றன. பூச்சிகள் வர வேண்டும் என்பதற்காகவே அத்தோட்டங்களில் பூச்சிக்கொல்லி தவிர்க்கப்படுகிறது. கசப்பைக் கண்டு தயங்குபவரும் தயங்காமல் ஏற்கும் தேநீர் இது. 85 முதல் 90 டிகிரி நீர் இதற்குப் போதும்.

மறுமொழி: கசப்பின் பக்கம்

மேலே எழுதிய நண்பர் தயாரிப்பு முறையைப் பற்றிச் சொன்னவை அனைத்தும் சரியே. நான் உங்கள் மூன்றாவது காரணமான நாவின் பழக்கமின்மையைப் பற்றிச் சொல்கிறேன். நெக்ரோனியின் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

இனிப்பை உணர மனித நாவில் முதன்மையாக ஒரே வகை உணர்வேற்பி இருக்க, கசப்பை உணர ஏறத்தாழ 25 வகைகள் உள்ளன. நஞ்சுள்ள தாவரங்களிற் பல கசப்பானவை என்பதால், பிறந்த குழந்தையும் கசப்பைத் துப்பிவிடும் வகையில் உடல் அமைந்திருக்கிறது. ஆகவே முதல் முறை கேம்பரியை வெறுப்பது சுவையறிவின் குறையன்று. அது உடலின் காவல். தீங்கேதும் நேரவில்லை என்பதை உடல் சிலமுறை கண்டறிந்த பின்னரே அக்காவல் தளர்கிறது. இதற்கு மன உறுதியைவிடப் படிநிலையே உதவும்.

நெக்ரோனி என்பது ஜின், இனிப்பு வெர்மூத் (மூலிகை ஊறிய திராட்சை மது), கேம்பரி ஆகிய மூன்றையும் 30 மில்லிலிட்டர் வீதம் சம அளவில் சேர்த்த வலிமையான கலவை. அதற்கு முந்தைய படியாக அமெரிக்கானோ என்னும் காக்டெயிலைச் சுவையுங்கள்: ஜின் இல்லாமல், கேம்பரியும் வெர்மூத்தும் 30 மில்லிலிட்டர் வீதம், அவற்றின் மேல் குளிர்ந்த சோடா, ஓர் ஆரஞ்சுத் துண்டு. மதுவின் எரிச்சல் குறைந்து, கசப்பு நீண்டு பரவுவதால் அதன் உள்ளே இருக்கும் மூலிகை மணங்களைப் பிரித்தறிய இயலும். அது பழகியபின் நெக்ரோனிக்குச் செல்லும்போது, பனிக்கட்டியோடு அரை நிமிடமாவது கிளறுங்கள்; உருகிச் சேரும் நீரும் அக்கலவையின் ஓர் உறுப்புதான். இன்னொரு வழியும் உண்டு: சில துளி உப்புநீர் சேர்த்தால் கசப்பு அடங்கி இனிப்பு மேலெழும். சோடியம் கசப்பை மட்டுப்படுத்துவது ஆய்வுகளில் தெளிவாக நிறுவப்பட்ட ஒன்று. காபியிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

வெர்மூத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது திராட்சை மதுவால் ஆனது. மூடி திறந்த புட்டி அலமாரியில் மாதக்கணக்கில் நின்றால் காற்றுப்பட்டுக் கெட்டுவிடும். திறந்தபின் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஓரிரு மாதங்களில் முடித்துவிட வேண்டும். பலர் நெக்ரோனியை வெறுப்பதற்குக் கெட்டுப்போன வெர்மூத் காரணமாக இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

கசப்பு காக்டெயிலுக்குப் பின்னாளில் வந்து சேர்ந்த அலங்காரமும் அன்று. 1806-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் வெளிவந்த ஒரு செய்தித்தாள், காக்டெயில் என்றால் என்ன என்று கேட்ட வாசகருக்கு, அது மது, சர்க்கரை, நீர், பிட்டர்ஸ் (கசப்பு மூலிகைச் சாறு) ஆகியவற்றின் கலவை என்று விடையளித்தது. பிட்டர்ஸ் இல்லாதது அன்று காக்டெயிலே இல்லை. இன்று பெரும்பாலான மதுக்கூடங்களில் காணப்படும் அங்கோஸ்துரா பிட்டர்ஸ், 1824-ஆம் ஆண்டில் யோஹான் சீகெர்ட் என்னும் மருத்துவர் வெனிசுவேலாவில் வயிற்றுக் கோளாறுகளுக்காக உருவாக்கிய மருந்துதான்.

கசப்பு கைவந்தபின் மூலிகை மதுக்களின் பக்கம் திரும்பலாம். ஃபிரான்சின் கார்த்தூசியத் துறவிகள் 130 தாவரங்களைக் கொண்டு செய்யும் பச்சை ஷார்த்ரூஸ் 55 விழுக்காடு ஆல்கஹால் உடையது. தனியே பருகக் கடினமான அதை ஜின், மரஸ்கீனோ என்னும் செர்ரி மது, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றோடு சம அளவில் சேர்த்துக் குலுக்கினால், நான்கும் ஒன்றையொன்று அடக்கி, எதுவும் தனித்துத் தெரியாத ஒரு புதுச்சுவை பிறக்கிறது. லாஸ்ட் வேர்ட் என்னும் இக்கலவையைச் சுவைத்த பிறகே சுவைகளின் சமநிலை என்பது என்னவென்று எனக்குப் புரிந்தது. சோம்பு மணமுள்ள மூலிகை மதுவான அப்சிந்தையும் அஞ்ச வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்தில் 1910 முதல் அதற்கு இருந்த தடை 2005-இல் நீங்கிவிட்டது. அதில் குளிர்ந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விடும்போது தெளிந்த பச்சை நிறம் பால்வெண்மையாக மாறுவது, சோம்பின் எண்ணெயான அனெத்தோல் ஆல்கஹாலில் கரைந்து நீரில் கரையாமையால் நிகழ்வது. மணங்கள் விரிவதும் அந்த நேரத்தில்தான். நீர் சேர்க்காமல் அதைப் பருகுவது முறையன்று.

கேள்வி கேட்டவர்: புதுச்சுவை

இருவருக்கும் மிக்க நன்றி. கியோகுரோவை 60 டிகிரியிலும் கொதிநீரிலும் ஒப்பிட்டுப் பார்த்தேன்; இரண்டும் ஒரே இலையிலிருந்து வந்தவை என்று நம்புவதற்கே கடினமாக இருந்தது. அமெரிக்கானோவை இவ்வார இறுதியில் செய்ய எண்ணியிருக்கிறேன். இனி மதுவற்ற பானங்களைப் பற்றி யாரேனும் விளக்குங்கள். இனிப்பான பழச்சாறுகளைத்தான் பெரும்பாலோர் பரிந்துரைக்கிறார்கள். என் மனைவி விரும்புவதோ மெல்ல மெல்லப் பருகத்தக்க, சற்றே சிக்கலான சுவை. சோடாவில் சில துளி பிட்டர்ஸ் சேர்த்துக் கொடுக்கலாமா?

மறுமொழி: நீலச்சங்கு

அந்தக் கடைசிக் கேள்விக்கு முதலில் விடையளிக்கிறேன். அங்கோஸ்துரா பிட்டர்ஸ் 44.7 விழுக்காடு ஆல்கஹால் கொண்டது. சில துளிகளால் போதை ஏறாது. ஆனால் மதுவை முற்றிலும் தவிர்ப்பவருக்கு அதைச் சொல்லாமல் கொடுப்பது தகாது. அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். புளிக்கவைத்த தேநீரான கொம்புச்சாவுக்கும் இது பொருந்தும். அதில் ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்ற, பாக்டீரியாக்கள் அந்த ஆல்கஹாலை அமிலமாக மாற்றுகின்றன. எனவே சிறிதளவு ஆல்கஹால் எஞ்சியிருக்கும். அமெரிக்காவில் 0.5 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் அது மதுபானமாகக் கருதப்படுவதில்லை. வீட்டில் செய்வதில் அந்த அளவு மீறிவிடக்கூடும்.

மதுவின் எரிச்சல் ஒருவரை மெல்லப் பருக வைக்கிறது. மதுவற்ற பானத்தில் அந்த வேலையைப் புளிப்போ, துவர்ப்போ, காரமோ செய்ய வேண்டும். வெறும் இனிப்பால் அது ஆகாது. அதனால் நான் முதலில் பரிந்துரைப்பது ஷ்ரப். பழத்துண்டுகளையும் சர்க்கரையையும் சம எடையில் கலந்து ஒரு நாள் மூடி வைத்தால் சாறு பிரிந்து வரும். அதை வடித்து, ஏறத்தாழ அதே அளவு ஆப்பிள் வினிகர் சேர்த்துக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் வைத்தால் வினிகரின் கூர்மை தணிந்து பழமணத்தோடு இணைந்துவிடும். ஒரு பங்குக்கு நான்கு பங்கு சோடா. செர்ரிக்குச் சில மிளகும், பீச் பழத்துக்கு இஞ்சியும் சேர்ப்பது என் வழக்கம். ஈரானில் தேன் அல்லது சர்க்கரையோடு வினிகரும் புதினாவும் சேர்த்துக் காய்ச்சும் செகஞ்சபின் இதன் நெருங்கிய உறவு. அதில் வெள்ளரித் துருவல் சேர்த்தால் வெப்ப நாளுக்கு அதைவிடச் சிறந்தது வேறில்லை என்பேன்.

புளிப்பிலும் துணிவு மிக்கவருக்குத் துருக்கியின் ஷல்காம் உண்டு. கருங்கேரட்டை உப்புநீரில் புளிக்கவைத்துச் செய்யும் அந்த ஊதாநிறச் சாறு உப்பும் புளிப்பும் மட்டுமே உடையது, இனிப்பே இல்லை. ஏமனில் காபிக் கனியின் உலர்ந்த தோலை இஞ்சியோடு கொதிக்கவைக்கும் கிஷர், காபி என்றும் தேநீர் என்றும் சொல்ல முடியாத தனி இனம். தென்னாப்பிரிக்காவின் செடர்பெர்க் மலைப்பகுதியில் விளையும் ரூய்போஸ் காஃபீன் அற்றது. எவ்வளவு நேரம் ஊறினாலும் பெரிதாகக் கசக்காது என்பதால் இரவில் அருந்த ஏற்றது. சங்குப்பூவை வெந்நீரில் இட்டால் வரும் நீலம், எலுமிச்சைச் சாறு பட்டதும் ஊதாவாக மாறுவதை எல்லோரும் வியப்பார்கள். ஆனால் அப்பூவுக்குச் சுவை மிகக் குறைவு. எலுமிச்சைப்புல்லோ இஞ்சியோ சேர்க்காவிட்டால் அது கண்ணுக்கு மட்டுமே விருந்து.

இருவரும் ஒரே முறையில் செய்து பருக வேண்டுமென்றால் பாலால் தெளியவைக்கும் பஞ்ச் என்னும் கலவைப் பானம் உகந்தது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1763-ஆம் ஆண்டில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் 44 எலுமிச்சைகளின் தோலும் பிராந்தியும் பாலும் சேர்த்த இதன் செய்முறையைக் கொடுத்திருக்கிறார். மது இல்லாமலும் இது நன்றாக வரும். கடுந்தேநீர், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, பட்டை, கிராம்பு ஆகியவற்றைக் கலந்து ஆறவிடுங்கள். அதன் அளவில் கால் பங்கு கொழுப்பு நீக்காத பாலை வேறொரு பாத்திரத்தில் எடுத்து, அந்தப் பாலுக்குள் இக்கலவையை மெல்ல ஊற்றுங்கள். பால் திரியும், அதுதான் வேண்டியது. ஒரு மணி நேரம் கழித்துக் காபி வடிதாளில் வடியுங்கள். முதலில் வரும் கலங்கலை மீண்டும் அதே திரிதலின் மேல் ஊற்றினால் பிறகு தெளிவாக இறங்கும். தேநீரின் துவர்ப்புப் பொருள்களான டானின்களைப் பாலின் புரதமான கேசீன் பற்றிக்கொண்டு வடிதாளில் தங்கிவிடுவதால், துவர்ப்பு நீங்கி, பட்டுப்போன்ற வழவழப்போடு தெளிந்த பானம் கிடைக்கும். உங்கள் கிண்ணத்துக்கு ரம் வேண்டுமானால், கலவையை இரண்டாகப் பிரித்து ஒன்றில் மட்டும் சேர்த்து, இரண்டையும் தனித்தனியே தெளியவையுங்கள்.

மறுமொழி: மெல்லப் பருகுபவர்

ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். கசப்பை நீர்த்த வடிவிலிருந்து தொடங்கும் படிநிலை எல்லோருக்கும் பொருந்துவதில்லை. சோடாவும் உப்பும் சேர்த்துத் தணித்ததைப் பழகியவர், பின்னர் அந்தப் பானத்தின் முழு உருவைச் சந்திக்கும்போது மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேர்கிறது. முழு வலிமையுள்ளதை ஒரு தேக்கரண்டி அளவே எடுத்து, சில நாள் இடைவெளியில், உணவுக்கு முன் சுவைப்பது எனக்கு மேலானதாகப் படுகிறது. மரபணுவையும் கணக்கில் கொள்ள வேண்டும். கசப்பேற்பிகளின் மரபணு வேறுபாட்டால் சிலருக்குக் குறிப்பிட்ட கசப்புகள் மற்றவர்களைவிட மிகக் கூர்மையாகப் படுகின்றன. அத்தகையவர் எவ்வளவு பழகினாலும் சில பானங்கள் இனிக்கப்போவதில்லை. அதை ஏற்றுக்கொண்டு அடுத்ததற்குச் செல்வதில் இழிவு ஏதுமில்லை.

உடல்நலம் குறித்தும் சில சொற்கள். தொடர்ந்து மருந்து உட்கொள்வோர் குயினைன் உள்ள டானிக் நீரையும் கிரேப்ஃப்ரூட் சாற்றையும் மருத்துவரைக் கேட்டபின்னரே பருக வேண்டும். அதிமதுரம் மிகுந்த தேநீரை நாள்தோறும் அருந்தினால் இரத்த அழுத்தம் உயரக்கூடும். எந்தப் பானமானாலும் 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பருகுவது புற்றுநோய்க்குக் காரணமாக அமையக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. சூடாகப் பருகப்படும் தென்னமெரிக்க இலைப்பானமான எர்பா மாத்தேயைப் பருகத் தொடங்குபவர்கள் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மறுமொழி: கசப்பின் பக்கம்

தேக்கரண்டி முறையை நானும் மறுக்கவில்லை. மதுவைத் தனியே சுவைக்கும்போது அதுவே நல்லது. ஆனால் நெக்ரோனி ஒரு கலவை. அதன் உறுப்புகளை அறியாமல் முழுமையை மட்டும் சிறிதளவு சுவைப்பதால் எது தனக்கு ஒவ்வவில்லை என்று ஒருவரால் சொல்ல இயலாது. எனவே கேள்வி கேட்ட நண்பருக்கு இரண்டையும் இணைத்து ஒரு வழி சொல்கிறேன்: அமெரிக்கானோ செய்யும் நாளில் கேம்பரியையும் வெர்மூத்தையும் தனித்தனியே ஒரு தேக்கரண்டி சுவைத்துவிட்டு, பிறகு இரண்டையும் கலந்து, அதன் பிறகு சோடா சேருங்கள். கேம்பரி மட்டுமே தடையாக இருந்தால் அதன் அளவை 20 மில்லிலிட்டராகக் குறைத்து வெர்மூத்தை 40 ஆக்கலாம். வெர்மூத்தே ஒவ்வவில்லை என்று தெரிந்தால், முதலில் அந்தப் புட்டி எப்போது திறக்கப்பட்டது என்று பாருங்கள்.